குலுக்கல்ல விழுந்தாத்தான் ரசிகனா?

ரெண்டு வாரமா மனசுக்குள்ள கிடந்து குடைஞ்சுக்கிட்டிருந்த விஷயம். ஆபீஸ்ல ஆணி அதிகம், அதனால எழுத முடியலை. இன்னிக்கு ஒரு பெரிய பில்டு ஓடிக்கிட்டு இருக்கு, அது முடியறதுக்குள்ள எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். பதிவு நீளமா போச்சுன்னா என்னைத் திட்டாதீங்க, பில்டைத் திட்டுங்க :-)

கோல்ஃப் பார்க்கிற நண்பர் ஒருத்தர் எனக்கு இருக்கார். (ஆமா, அப்படியும் ஒருத்தர்.) போன வாரம் டீக்கடையில நிக்கும்போது பேச்சு ஓப்பன் சாம்பியன்ஷிப் பக்கம் திரும்புச்சு. வாசல்ல போய் காசு குடுத்து உள்ள நுழையற காலமெல்லாம் போச்சு, இப்ப எல்லாமே முன்கூட்டியே ஆன்லைன்ல, அதுலயும் செயின்ட் ஆண்ட்ரூஸ் மாதிரி இடம்னா குலுக்கல், இதுதான் நியாயம், இதுதான் நாகரிகம்னு டீயை ஆத்திக்கிட்டே தீர்ப்பு சொல்லிட்டார். பக்கத்துல நின்ன இன்னொருத்தர், "பணக்காரன் விளையாட்டுக்கு யாருக்கு டிக்கெட் கிடைச்சா உனக்கென்ன?"ன்னு முடிச்சுட்டார்.

ரெண்டு பேரும் தப்பு. ரெண்டும் ஒரே தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல இடத்தைப் பத்தி கொஞ்சம். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஸ்காட்லாந்துல, வட கடல் ஓரமா இருக்கிற சின்ன ஊர். அங்க இருக்கிற ஓல்டு கோர்ஸ்லதான் 1873-லேர்ந்து 2022 வரைக்கும் 30 தடவை ஓப்பன் நடந்திருக்கு. வேற எந்த மைதானத்துக்கும் இந்தக் கணக்கு கிடையாது. லிங்க்ஸ்னு சொல்றாங்களே, அது கடலுக்கும் வயலுக்கும் நடுவுல விவசாயத்துக்கு லாயக்கில்லாம கிடக்கிற மணல் மேடு. நம்ம பாஷையில சொன்னா மேய்ச்சல் புறம்போக்கு. 1552-ல அந்த ஊர் ஆர்ச்பிஷப் ஹாமில்டன் அந்த நிலத்துல முயல் வளர்க்க அனுமதி வாங்கிக்கிட்டு, பதிலுக்கு ஊர்க்காரங்க அங்க கோல்ஃப் ஆடவும், பந்து உதைக்கவும், ஆடு மாடு மேய்க்கவும் இருக்கிற உரிமையை எழுத்துல ஒத்துக்கிட்டார். அப்புறம் 1797 வாக்குல, கடன்ல மூழ்கின நகராட்சி நிலத்தைக் கை மாத்தி விட, முயல் வியாபாரிங்க வந்து மைதானத்தையே முயல் பண்ணையாக்கிட்டாங்க. கோல்ஃப் ஆடறவங்களுக்கும் முயல்காரங்களுக்கும் வருஷக்கணக்குல சண்டை, கோர்ட்டு, கேஸு. 1821-ல ஜேம்ஸ் சீப்னு ஒரு நிலக்கிழார் நிலத்தை வாங்கி மைதானத்தைக் காப்பாத்தினார். 1894-ல இதுக்காகவே பார்லிமெண்ட்ல சட்டம் போட்டாங்க. 1974-லேர்ந்து ஒரு டிரஸ்ட் நிர்வகிக்குது. நிலம் இன்னிக்கும் பொது நிலம்தான். 18-வது கிரீன் பக்கத்துல, 1854-ல கட்டின கம்பீரமான கல் கட்டடம் ஒண்ணு எல்லா போட்டோவிலயும் வருமே, அந்த கிளப்புக்கு மைதானம் சொந்தமில்லை. ஊரைச் சுத்தி இருக்கிற மத்த கிளப்புகளை மாதிரி அவங்களும் பொது மைதானத்துலதான் ஆடறாங்க.

முதல் ஹோலும் கடைசி ஹோலும் இருக்கிற புல்வெளியைக் குறுக்கால வெட்டிக்கிட்டு ஒரு பொதுச் சாலை போகுது, கிரானி கிளார்க்ஸ் விண்டுன்னு பேரு. சாதாரண நாள்ல கடற்கரைக்குப் போறவங்க பந்து வருதான்னு ரெண்டு பக்கமும் பார்த்துட்டு அதுல நடந்து போவாங்க. இதுவா பணக்காரன் விளையாட்டு? அந்த விளையாட்டைப் பணக்காரன் வேலி போட்டு எடுத்துக்கிட்டான்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். ஆனா இந்த ஒரு ஊர்ல அவனால முழுசா எடுத்துக்க முடியலை. அதனாலதான் இந்த ஊரைப் பத்தி மட்டும் எனக்குக் கோபம் வருது.

நிற்க.

2023 கோடையில ஆன்சைட் வேலையா கொஞ்ச நாள் எடின்பரோவில இருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை ரயில் ஏறி லூக்கர்ஸ்ல இறங்கி, அங்கேர்ந்து பஸ் புடிச்சு செயின்ட் ஆண்ட்ரூஸ் போனேன். (அந்த ஊருக்கு 1969-லேர்ந்து ரயில் கிடையாது. இவ்வளவு பேர் போன ஊருக்கு!) ஞாயித்துக்கிழமை ஓல்டு கோர்ஸ்ல ஆட்டம் இல்லை. பெரிய போட்டி எதுவும் நடக்காத வரைக்கும் அதுதான் வழக்கம். அன்னிக்கு மைதானம் பூங்கா. குழந்தையை வண்டியில தள்ளிக்கிட்டு ஒரு அம்மா 18-வது ஃபேர்வேல நடந்து போறாங்க. ரெண்டு பசங்க பந்து உதைக்கிறாங்க. எந்தப் புல்லுல பாபி ஜோன்ஸும் நிக்லாஸும் நடந்தாங்களோ, அதுல ஒரு நாய் மூச்சிரைக்க ஓடுது. டிக்கெட் இல்லை, வாட்ச்மேன் இல்லை, யாரு என்னன்னு கேக்க ஆளில்லை. தெற்கேர்ந்து வந்த ஒரு மென்பொருள் கூலி ஸ்வில்கன் பாலத்து மேல நின்னு செல்ஃபி எடுத்துக்கிட்டான்.

அந்த நாய்க்குச் சொந்தக்காரர் ஒரு தாத்தா. எழுபதைத் தாண்டினவர். நான் பாலத்தை நாலு பக்கமும் சுத்திச் சுத்தி படம் எடுக்கிறதைப் பார்த்துட்டு அவரே வந்து பேச்சுக் குடுத்தார். 1995 ஓப்பன் கடைசி நாளைப் பத்தி சொன்னார். காலையில வீட்டுல டீவி பார்த்துக்கிட்டு இருந்தாராம். வெளியில காத்து ஊளையிடுது. காத்து இப்படி அடிச்சா இன்னிக்கு எவனுக்கு என்ன வேணா நடக்கும்னு தோணியிருக்கு. கோட்டை மாட்டிக்கிட்டு நடந்து போய், வாசல்ல காசு குடுத்து, உள்ள போய் 18-வது கிரீனுக்குப் பின்னாடி கூட்டத்துல நின்னாராம்.

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கோல்ஃப் பார்க்கிறவங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்காக. ஜான் டேலி ஆட்டத்தை முடிச்சுட்டு ஓரமா நிக்கிறார். இத்தாலிக்காரர் கோஸ்டான்டினோ ரோக்கா கடைசி ஹோல்ல ரெண்டு அடியில பந்தைப் போட்டா சமன். கிரீன் பக்கத்துலேர்ந்து சின்னதா தூக்கிப் போட வேண்டிய பந்து. அதைச் சொதப்பிட்டார். பந்து வேலி ஆஃப் சின்னு ஒரு பள்ளம் இருக்கு, அதுக்குள்ள உருண்டு நிக்குது. பாவப் பள்ளத்தாக்கு! கதை முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அந்தப் பள்ளத்துக்குள்ளேர்ந்து அறுபது அடிக்கு மேல ஒரு புட். மேட்டுல ஏறி, வளைஞ்சு, குழிக்குள்ள. ரோக்கா அப்படியே தரையில விழுந்து கையால புல்லைக் குத்தறார். அப்புறம் நாலு ஹோல் பிளே-ஆஃப்ல டேலி சுலபமா ஜெயிச்சுட்டார், அது வேற கதை.

தாத்தா அந்த புட்டைப் பார்த்தாரா? பார்க்கலையாம்! முன்னாடி ஒரு நெட்டை ஆள் நின்னுட்டானாம். ரோக்கா சொதப்பினப்போ கூட்டம் மொத்தமா "ஓ..."ன்னு மூச்சு விட்ட சத்தம். அப்புறம் ஒரு நிமிஷம் காத்து மட்டும். அப்புறம் வந்துச்சாம் ஒரு சத்தம், நெஞ்சுக்கூட்டுக்குள்ள இடிச்ச மாதிரி. பந்து விழுந்ததை அவர் சாயங்காலம் வீட்டுக்குப் போய் டீவியிலதான் பார்த்தார். ஆனா முப்பது வருஷம் ஆகப் போற அந்த நாளைப் பத்தி சொல்லும்போது டீவியில பார்த்ததை அவர் சொல்லவே இல்லை. அந்த ஒரு நிமிஷ அமைதியைத்தான் சொன்னார். சொல்லிட்டு நாயைக் கூப்பிட்டார். நாய் பேரு சீவி. 1984-ல இதே 18-வது கிரீன்ல முஷ்டியை ஆட்டி ஆட்டிக் குதிச்ச ஸ்பெயின்காரர் சீவி பாலஸ்டெரோஸ் ஞாபகமா வெச்சதாம்.

இப்ப நம்ம நண்பர் கிட்ட வரேன். அவரோட நியாயப்படி இந்தத் தாத்தா அன்னிக்கு உள்ள போயிருக்கவே முடியாது. காலையில காத்தைப் பார்த்துட்டுக் கிளம்பற ஆளுக்குக் குலுக்கல்ல இடமில்லை. பல மாசம் முன்னாடியே, எந்தக் கிழமை, எத்தனை பேர்னு முடிவு பண்ணி, விண்ணப்பம் போட்டு, மெயில் வருதான்னு காத்துக்கிட்டு இருக்கணும். 2019-ல போர்ட்ரஷ்ல நடந்த ஓப்பன்தான் முழுக்க முழுக்க முன்பதிவுல நடந்த முதல் ஓப்பன். 2022-ல செயின்ட் ஆண்ட்ரூஸ்ல 150-வது ஓப்பனுக்குக் குலுக்கல். 13 லட்சத்துக்கும் மேல டிக்கெட் கேட்டு விண்ணப்பம் வந்துச்சு. வாரம் முழுக்க வந்த கூட்டம் 2,90,000. இது சாதனை. அதுக்கு முன்னாடி சாதனை இதே ஊர்ல 2000-ல, டைகர் வுட்ஸ் நாலு நாள்ல ஒரு தடவை கூட மணல் பங்கர்ல விழாம 8 ஸ்ட்ரோக் வித்தியாசத்துல ஜெயிச்ச வருஷம், 2,39,000.

"பார்த்தியா, கூட்டம் கூடியிருக்கே, அப்புறம் என்ன புகார்?" அப்படீன்னு கேப்பார். எத்தனை பேர்ங்கறது என் கேள்வி இல்லைங்க. எந்த மாதிரி ஆள்ங்கறதுதான்.

ஒரு மென்பொருள்காரனா சொல்றேன். குலுக்கல் எழுதறது சுலபம். ரேண்டம் ஃபங்ஷனைக் கூப்பிட்டா முடிஞ்சுது. அதைப் போட்டதும் நியாயமா நடந்துக்கிட்டோம்னு ஒரு நிம்மதி வரும் பாருங்க, அதுதான் ஆபத்து. ரேண்டம், விண்ணப்பத்துக்கும் விண்ணப்பத்துக்கும் நடுவுல பாரபட்சம் பார்க்காது. சரி. ஆனா விண்ணப்பம் போடறவனுக்கும் போடாதவனுக்கும் நடுவுல? அடுத்த ஜூலையில எந்த நாள் லீவு கிடைக்கும்னு இப்பவே தெரிஞ்சவன் யாரு? ஷிஃப்ட் வேலை பார்க்கறவனா, ஓட்டல்ல தட்டு கழுவறவனா? மீன்பிடிப் படகுக்காரனா? நாலு கண்டம் தாண்டி விமானத்துல வரவன் எப்படியும் பல மாசம் முன்னாடி திட்டம் போட்டுத்தான் ஆகணும், அவனுக்கு குலுக்கல் ஒரு கஷ்டமே இல்லை. தெருமுனையில இருக்கிறவனுக்குத்தான் அது கஷ்டம். அப்புறம், குலுக்கல்ல விழலைன்னா இருக்கவே இருக்கு ஹாஸ்பிடாலிட்டி டிக்கெட்டு. சாப்பாடு, ஒயின், கூடாரம் எல்லாம் சேர்த்து பெரிய விலை. அங்க ரேண்டம் ஃபங்ஷன் கிடையாது, கார்டு தேய்ச்சா போதும். இதுல எந்தப் பக்கம் நியாயம் இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

(நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். 16 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களைப் பெரியவங்களோட வந்தா இலவசமா விடறாங்க. நல்ல விஷயம், அதைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம், டிக்கெட் கிடைக்காத கடுப்புல எழுதறான்னு யாரும் கிளம்பாதீங்க. நான் விண்ணப்பமே போடலை.)

அடுத்த வாதம், "டீவியில எல்லாமே தெரியுதே". தெரியுது. நேர்ல எதுவுமே தெரியாது, அதையும் ஒத்துக்கறேன். அதுலயும் ஓல்டு கோர்ஸ் பார்வையாளனுக்கு ரொம்ப மோசமான இடம். மைதானம் இடையன் கோல் மாதிரி, ஒடுக்கமா நீளமா போய் நுனியில வளையும். போற ஹோலும் வர ஹோலும் பக்கத்துல பக்கத்துல. ஏழு கிரீன் ரெட்டைக் கிரீன், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கொடி. ரெண்டு கொடி நம்பரையும் கூட்டினா எப்பவும் 18 வரும். (2-ம் 16-ம், 3-ம் 15-ம்... இது தற்செயலா அமைஞ்சதான்னு கேக்காதீங்க, எனக்கு இதைப் பார்த்தாலே சந்தோஷம்.) அதனால கூட்டம் நடுவுல போக முடியாது, ஓரமாத்தான் நடக்கணும். தரையும் தட்டை, ஏறி நின்னு பார்க்க பெரிய மேடு கிடையாது. தூரத்துல ஒரு புள்ளி கையை ஆட்டும். வெள்ளையா ஒண்ணு வானத்துல போகும், அது பந்தா நீர்க்காகமான்னு சந்தேகம் வரும்.

அப்ப எதுக்குப் போறாங்க? நான் ரெண்டு வருஷமா யூடியூப்ல பழைய ஓப்பன்களையும், போனவங்க எழுதினதையும் சொன்னதையும் தேடித் தேடிப் படிச்சிருக்கேன். யாரும் ஸ்கோரைச் சொல்றதில்லை. மஞ்சள் கலர் ஸ்கோர் பலகையில கையால எழுத்தை மாத்தறவங்க ஒரு பேரை உருவினதும், அடுத்து என்ன நம்பர் வரப் போகுதோன்னு ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து வாயைப் பொளந்துக்கிட்டு நின்னதைச் சொல்றாங்க. ஐவர் ராப்சனைச் சொல்றாங்க. 1975-லேர்ந்து 2015 வரைக்கும் முதல் டீயில நின்னு ஆட்டக்காரங்க பேரைக் கூப்பிட்டவர். கீச்சுக் குரல். ஒரு நாளைக்கு பத்து மணி நேரத்துக்கு மேல, தண்ணி குடிக்காம, பாத்ரூம் போகாம! அவரை வேடிக்கை பார்க்கவே முதல் டீயில நின்னவங்க இருக்காங்க. கடைசியா அவர் கூப்பிட்டது இதே செயின்ட் ஆண்ட்ரூஸ்ல. 2023-ல காலமாயிட்டார்.

அதே 2015-ல டாம் வாட்சன். அஞ்சு தடவை ஓப்பன் ஜெயிச்சவர், அது அவருக்குக் கடைசி ஓப்பன். வெள்ளிக்கிழமை காலையில கொட்டின மழையில மைதானமே மூழ்கி, ஆட்டம் மூணு மணி நேரத்துக்கு மேல நின்னுபோச்சு. அதனால அவர் 18-வதுக்கு வரும்போது ராத்திரி ஒன்பதே முக்கால் இருக்கும். ஸ்காட்லாந்து கோடைன்னாலும் அந்த நேரத்துக்கு இருட்டிடுச்சு. தகுதிச் சுற்றைத் தாண்டப் போறதில்லைன்னு அவருக்கும் தெரியும், பார்க்கறவங்களுக்கும் தெரியும். பாலத்து மேல நின்னு கையை ஆட்டறார், கேமரா ஃபிளாஷ் மட்டும் மின்னுது. கட்டடத்துலேர்ந்து மத்த ஆட்டக்காரங்க இறங்கி வந்து கைதட்டறாங்க. குளிர்ல, ஈரத்துல, அந்த நேரத்துக்கு அங்க நின்ன கூட்டத்தை நினைச்சுப் பாருங்க. ஜெயிக்கப் போறவனைப் பார்க்கவா நின்னாங்க? பத்து வருஷம் முன்னாடி, 2005-ல, ஜாக் நிக்லாஸ் 65 வயசுல விடைபெற்றப்போ அவரோட கூட ஆடின ரெண்டு பேர்ல வாட்சனும் ஒருத்தர். நிக்லாஸ் கடைசி ஹோல்ல பர்டி போட்டுட்டு, கட் தவறி, வீட்டுக்குப் போனார். அன்னிக்குப் பாலத்துல அழுத வாட்சனை ஞாபகம் வெச்சிருந்தவங்கதான் அந்த இருட்டுல நின்னவங்க. 2022-ல டைகர் வுட்ஸ் தொப்பியைக் கழட்டிக்கிட்டு அதே பாலத்தைக் கண்ணீரோட தாண்டினார். அதை டீவியில பார்த்து நானும் மூக்கை உறிஞ்சினேன், மறைக்க மாட்டேன். ஆனா நான் பார்த்தது டைகரை. அங்க நின்னவங்க பார்த்தது, ஒரு ஊரு ஒருத்தரை அனுப்பி வெக்கிறதை.

பாதுகாப்புன்னு ஒரு வாதம் வரும். இருபதாயிரம் பேர் கூட இல்லாத ஊர், ஒத்தைச் சாலை, ரயில் வேற இல்லை, கட்டுப்பாடு இல்லாம கூட்டம் வந்தா என்ன ஆகறது? நியாயமான பயம். ஆனா கூட்டத்துக்கு வரம்பு வேணும்ங்கறதும், வரவன் பேரு பல மாசம் முன்னாடி தெரியணும்ங்கறதும் ரெண்டு வேற வேற தேவை. முதல் தேவைக்கு ஒரு எண்ணும், அது நிறைஞ்சா மூடற கதவும் போதும். ரெண்டாவது யாருக்குத் தேவைன்னா, பணத்தை முன்னாடியே வாங்கி வெச்சுக்கிறவங்களுக்கு. கள்ள மார்க்கெட்டுன்னு சொன்னா, வாசல்ல காசு குடுத்து அப்படியே உள்ள போறவன் யார் கிட்ட டிக்கெட்டை விப்பான்?

1970-ஐ எடுத்துக்குங்க. டக் சாண்டர்ஸ் கடைசி ஹோல்ல மூணடி புட்டு ஒண்ணைப் போட்டா சாம்பியன். குனிஞ்சு ஏதோ துரும்பை எடுக்கிறார், மறுபடி நிக்கிறார், அடிக்கிறார், தவறவிடறார். நிக்லாஸோட மறுநாள் 18 ஹோல் பிளே-ஆஃப். அதுல ஒரு ஸ்ட்ரோக்ல நிக்லாஸ் ஜெயிச்சு மட்டையை வானத்துல வீச, அது சாண்டர்ஸ் தலையில விழாம தப்பிச்சுது. சாண்டர்ஸோட அந்த மூணடி தவறினதாலதான் அப்படி ஒரு நாளே உண்டாச்சு. அந்த நாளைக் குறி வெச்சு முன்கூட்டியே திட்டம் போட்டவன் உலகத்துல ஒருத்தன் கூட இருந்திருக்க முடியாது.

இதை விட நல்ல கதை 1936. பாபி ஜோன்ஸ் போட்டி ஆட்டத்தை விட்டு ஆறு வருஷம் ஆச்சு. பெர்லின் ஒலிம்பிக்ஸ் பார்க்கப் போற வழியில, சும்மா நண்பர்களோட ஒரு ஆட்டம் போட செயின்ட் ஆண்ட்ரூஸ் வரார். எந்த விளம்பரமும் கிடையாது. ஊருக்குள்ள எப்படியோ சேதி பரவிடுச்சு. கடையைச் சாத்திட்டு ஆயிரக்கணக்குல ஜனம் முதல் டீக்கு வந்து நிக்குது. தொப்பை போட ஆரம்பிச்ச பழைய சாம்பியனோட மொத்த ஊரும் மைதானம் முழுக்க நடந்துச்சு. இத்தனைக்கும் இதே மைதானத்துல 1921-ல பங்கர்ல மாட்டி, கோபத்துல ஆட்டத்தைப் பாதியில விட்டவர் அவர். அதே ஊரு 1927-ல அவரைத் தோள்ல தூக்குச்சு. 1958-ல நடக்கவே முடியாத நிலைமையில வந்தவருக்கு ஊர்க் குடிமகன் மரியாதை குடுத்துச்சு. அவர் மண்டபத்தை விட்டுப் போகும்போது கூட்டமே சேர்ந்து ஒரு பழைய ஸ்காட்டிஷ் பிரிவுப் பாட்டைப் பாடுச்சு. இதுல எந்த ஒரு நாளுக்காவது குலுக்கல் நடந்துச்சா?

ஜோன்ஸ் பத்தியே இன்னொண்ணு. ஓப்பனுக்கு முதல் முதலா நுழைவுக் கட்டணம் வாங்கினது 1926-ல, லித்தம்ல. கடைசி நாள் ரெண்டு சுற்றுக்கு நடுவுல ஓட்டல் ரூமுக்குப் போய்ட்டு வந்த ஜோன்ஸ் ஆட்டக்காரர் பேட்ஜை மறந்துட்டாராம். வாசல்ல இருந்தவருக்கு ஆளை அடையாளம் தெரியலை. மனுஷன் சண்டை போடாம பொது வாசலுக்குப் போய் காசு குடுத்து டிக்கெட் வாங்கி உள்ள வந்து சாம்பியன்ஷிப்பை ஜெயிச்சார்னு சொல்வாங்க. இன்னிக்கு இருந்தா சாம்பியனே வெளியில நின்னிருப்பார் :-)

ஊரோட நினைவை நிர்வாகம் லேசா நினைக்கிறதுக்கு உதாரணம் வேணும்னா 2023 பிப்ரவரியைப் பாருங்க. ஸ்வில்கன் பாலத்துக்கு வர பாதையில புல் தேயுதுன்னு டிரஸ்ட் அழகா வட்டமா கல்லு பதிச்சுது, வீட்டுக் கொல்லைப்புறத்துல சிட்-அவுட் போட்ட மாதிரி. ஆடு மாடு ஓட்டிக்கிட்டுப் போறதுக்காக 700 வருஷம் முன்னாடி கட்டினதாச் சொல்ற பாலம் அது. உலகம் பூரா கிழிச்சுத் தொங்க விட்டாங்க. சில நாள்லயே கல்லைப் பேர்த்துட்டு புல்லைப் போட்டுட்டாங்க. ஆக, திட்டினா கேக்கறவங்கதான். நான் இன்னும் நம்பிக்கையை விடலை.

வழியும் அவங்க கையிலயே இருக்கு. ஓல்டு கோர்ஸ்ல தனி ஆளா ஆட வரவங்க முன்னாடியெல்லாம் ராத்திரி முழுக்க வாசல்ல குளிர்ல படுத்துக் கிடந்து வரிசை புடிப்பாங்க. 2024-ல அதை எடுத்துட்டு டிஜிட்டல் குலுக்கல் கொண்டு வந்தாங்க. ஆனா அதுல ஒரு நிபந்தனை வெச்சாங்க பாருங்க, முந்தின நாள் நேர்ல வந்து பேரைப் பதியணும். வீட்டுல உக்காந்து பட்டனைத் தட்ட முடியாது. வந்து நின்னவனுக்கு மட்டும்தான் குலுக்கல். இதையே ஓப்பனுக்கும் செய்யலாமே? அடுத்து 2027-ல ஓப்பன் இங்க வரும்னு அறிவிச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு ஆயிரம் டிக்கெட்டை ஒதுக்கி வெக்கட்டும். முந்தின நாள் சாயங்காலம் ஊருக்குள்ள ஒரு மேஜை போட்டு, நேர்ல வந்தவங்க பேரை வாங்கி, ராத்திரி குலுக்கட்டும். விழலைன்னா மறுநாள் மறுபடி வந்து நிக்கட்டும். கோடிங் வேணும்னா சொல்லுங்க, ஒரு சனி ஞாயிறுல எழுதிக் குடுக்கறேன், காசு வேண்டாம்.

இதைத்தான் நண்பர் கிட்டயும் சொன்னேன். டீ ஆறிப் போச்சுன்னார்.

பில்டு ஃபெயிலாயிடுச்சு. ஆணி புடுங்கப் போறேன்.

பி.கு: செயின்ட் ஆண்ட்ரூஸ் பக்கம் போறவங்க ஞாயித்துக்கிழமையாப் பார்த்துப் போங்க. ஃபேர்வேல தாராளமா நடக்கலாம், கிரீன் மேல மட்டும் கால் வெக்காதீங்க. 17-வது கிரீன் பக்கத்துல சாலையும் ஒரு கல் சுவரும் இருக்கும். 1984-ல டாம் வாட்சன் பந்து அந்தச் சுவர் கிட்ட போய் நின்னதாலதான் சீவி ஜெயிச்சார். அந்தச் சுவர் ஓரமா போய் நின்னு பந்து எங்க கிடந்திருக்கும்னு தேடிப் பாருங்க. நான் அரை மணி நேரம் தேடினேன், ஒரு பஸ்ஸை விட்டுட்டேன்.